மதினியின் பீரோவில் ஒன்றும் இல்லை

எங்கள் மதினி எங்களை விட்டுப் போய் ஓராண்டு ஆகும் இந்நாளில் வீடு தேடி வந்திருக்கும் சொந்தபந்தங்கள் அனைவருக்கும் வணக்கம். இந்த நினைவு மலருக்கு யார் எழுதுவது என்று பேச்சு வந்தபோது அண்ணன் என்னைக் கைகாட்டினார். "மதினிய நல்லா கவனிச்சது நீதான், நீயே எழுது" என்றார். அவர் சொன்ன கவனிப்பு வேறு, பல வருடங்களாக நான் கவனித்துக்கொண்டிருந்தது வேறு. எழுத உட்கார்ந்த பிறகு மறைத்துப் பயனில்லை. இந்த வீட்டில் மதினி வாழ்ந்த காலத்தில் பெரும்பகுதி அவரை நான் சந்தேகத்தோடுதான் பார்த்தேன். பணமோ நகையோ அதற்குக் காரணமில்லை. அவர் துவைத்து மடித்த துணியின் வாசம்தான் காரணம்.

மதினி பிறந்தது புதூர் பக்கம் ஒரு மானாவாரிக் கிராமம். மழை பெய்தால் மிளகாயும் பருத்தியும் வரும், பெய்யாவிட்டால் ஆடுதான். மூன்று பெண்பிள்ளைகளில் நடுவில் பிறந்தவர். குடிக்கவே தண்ணீர் தேடிப் போக வேண்டிய ஊரில் துணி துவைப்பது வாரத்துக்கு ஒரு நாள். பள்ளிக்கூடத்துக்கு இரண்டே பாவாடை, சட்டை. ஒரு நாள் பக்கத்தில் உட்கார்ந்த பெண் மூக்கைப் பிடித்துக்கொண்டு வேறு பெஞ்சுக்கு மாறிப் போய்விட்டாளாம். அன்று சாயங்காலம் முழுவதும் அழுததாக மதினியே ஒருமுறை சொல்லியிருக்கிறார். அதற்குப் பிறகு பள்ளி விட்டு வந்ததும் உடுப்பை உதறிக் காற்றில் தொங்கவிடாமல் அவர் சாப்பிட உட்கார்ந்ததில்லை.

பத்தாம் வகுப்போடு படிப்பு நின்றது. கம்பெனி வேனில் ஏறித் தீப்பெட்டி ஆபீஸ் வேலைக்குப் போனார். அங்கே உடம்பெல்லாம் மருந்து வாசம் ஒட்டிக்கொள்ளும். அந்தச் சேலையையும் அலசி அலசிக் காயவைத்து வாசம் போக்கியவர் அவர். அண்ணனைக் கல்யாணம் செய்து கோவில்பட்டி வந்தபோது அவருக்கு இருபத்திரண்டு வயது.

என் கணவருக்குத் திருப்பூரில் வேலை. எனக்கு இங்கே பள்ளியில் ஆசிரியை வேலை. ஆகவே பிறந்த வீட்டின் மாடியிலேயே குடியிருந்துவிட்டேன். கீழே அம்மா, அண்ணன், மதினி. மொட்டைமாடியில் இரண்டு கொடிக்கயிறு. ஒன்று அவர்களுக்கு, ஒன்று எனக்கு. ஒரே போர் தண்ணீர், ஒரே கடையில் வாங்கிய சோப்புத் தூள், ஒரே வெயில். ஆனால் என் துணி பீரோவுக்குள் போன மூன்றாம் நாளே ஒரு மாதிரி அடைந்த வாசம் அடிக்கும். மதினியின் துணியைப் பதினைந்து நாள் கழித்து எடுத்தாலும் அன்றைக்குத்தான் கொடியிலிருந்து எடுத்தது போலிருக்கும்.

"இவ என்னமோ போடுதா. நம்மகிட்ட மறைக்கா" என்றார் அம்மா.

எனக்கும் அப்படித்தான் பட்டது. மதினி ஊரில் கோயில் கொடை என்று மூன்று நாள் போயிருந்தபோது அம்மாவும் நானும் அவருடைய பீரோவைத் திறந்தோம். பூட்டுக்கூடப் போட்டிருக்கவில்லை. அதுவே சந்தேகத்தைக் கூட்டியது. சேலைகளுக்கு நடுவே கைவிட்டுப் பார்த்தோம். விரித்திருந்த தாளைத் தூக்கிப் பார்த்தோம். சூடம் இல்லை, அத்தர் இல்லை, பிரிக்காத சோப்புக் கட்டி இல்லை. துணிகளை நெருக்காமல் இடம்விட்டு அடுக்கியிருந்தார். கதவு முழுதாக மூடாதபடி ஓர் அட்டைத் துண்டை மடித்துச் செருகியிருந்தார். அவ்வளவுதான். "ஊருக்குப் போறப்ப கையோட எடுத்துட்டுப் போயிருப்பா" என்று அம்மா முடிவு கட்டினார். நாங்கள் பீரோவை நன்றாக அழுத்திச் சாத்திவிட்டு வந்தோம்.

மதினி திரும்பி வந்த அன்று காபியைக் கையில் கொடுத்துவிட்டுச் சொன்னார்: "எம் பீரோவத் தொறந்தது யாருன்னு நான் கேக்க மாட்டேன். ஆனா இறுக்க மூடி வச்சிட்டிய. மூடிக் கெடந்தா துணியில வாட வந்துரும்."

அம்மா மாத்திரை தேடுவதுபோல் உள்ளே போய்விட்டார். நான் மாட்டிக்கொண்டேன். வெட்கத்தை விட்டு, "அப்ப என்ன மதினி செய்யுதீங்க, சொல்லுங்களேன்" என்று கேட்டேன். மதினி மறைக்கவில்லை. சோப்புத் தூள் அதிகம் போட்டால் உப்புத் தண்ணீரில் சரியாக அலசாமல் துணியிலேயே தங்கிவிடும், அதுதான் பிறகு நாறும். ஆகவே பாதி போதும். கடைசி அலசலுக்கு மட்டும் ஒரு வாளி நல்ல தண்ணீர்; அந்தத் தண்ணீரை வீணாக்காமல் அடுத்த நாள் ஊறவைக்க வைத்துக்கொள்ளலாம். துவைத்த துணி வாளியிலோ மெஷினிலோ அரைமணி நேரம்கூடச் சும்மா கிடக்கக்கூடாது. மெஷின் கதவின் ரப்பரைத் துடைத்துத் திறந்தே வைக்க வேண்டும். வெயிலில் எடுத்த துணியைச் சூட்டோடு மடிக்காமல் கட்டிலில் விரித்து ஆறவிட வேண்டும். தையல் மடிப்பிலும் இடுப்புப் பட்டியிலும் தொட்டுப் பார்த்து, ஈரம் துளியும் இல்லையென்றால்தான் பீரோ.

கேட்டுவிட்டு மாடி ஏறும்போது நான் நினைத்தது இதுதான்: இவ்வளவு சாதாரணமாக இருக்க முடியாது. எதையோ விட்டுவிட்டுச் சொல்கிறார்.

பின்னாளில் அம்மா படுக்கையில் விழுந்தபோது ஒன்றரை வருடம் அந்த விரிப்புகளையும் துணிகளையும் துவைத்தவர் மதினிதான். பார்க்க வந்தவர்கள் யாரும் மூக்கைச் சுளித்து நான் பார்த்ததில்லை. விளாத்திகுளத்துச் சித்தி வந்து, "படுத்த படுக்கையா ஒரு ஆளு கெடக்குத ரூம் மாதிரியா இருக்கு?" என்று வியந்தார். அம்மா அப்போதும் என்னை அருகில் அழைத்து, "ஏட்டி, என்னமோ போடுதா. நான் போறதுக்குள்ள நீ கண்டுபிடி" என்றார். சிரிப்பும் அழுகையுமாக நின்றேன்.

அம்மா காலமான பிறகு, ஊரெல்லாம் காய்ச்சல் கண்ட வருடம் எங்கள் வீட்டிலும் எல்லோரும் படுத்து எழுந்தோம். அதன் பிறகுதான் மதினியின் போக்கு மாறியது. துணி அலசும்போது ஊற்றும் வாசனைத் திரவப் பாக்கெட்டுகளை ஏளனமாகப் பார்த்தவர் அவர். "அழுக்குக்கு மேல பூச்சு" என்பார். அந்தப் பாக்கெட்டின் கிழிசல்கள் எங்கள் குப்பைக் கூடையில் கிடந்தன. ஒன்றல்ல, ஏழெட்டு. கொடியில் கிடந்த சேலைகள் மாடி முழுக்க மணத்தன. அண்ணன் தும்மிக்கொண்டே சட்டை மாட்டினார். மதினியோ நேற்றுத் துவைத்ததை இன்றும் துவைத்தார். நான் மொட்டைமாடிக்கு வந்து துணியைத் தொட்டால் பேச்சை மாற்றினார்.

அண்ணன் தீப்பெட்டி வியாபாரமாக வெளியூர்களுக்குப் போய் வருபவர். ஒரு நாள் என்னிடம் வந்து குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்: "ஊருக்குப் போயிட்டு வந்து பைய வச்ச ஒடனே உங்க மதினி என் சட்டைய எடுத்து மோந்து மோந்து பாக்கா. இந்த வயசுல எம்மேல என்ன சந்தேகம் அவளுக்கு?"

அவர் நேரிலும் கேட்டிருக்கிறார். மதினி சட்டையைத் துவைக்கப் போட்டுவிட்டு நகர்ந்துவிட்டாராம். அதில் அண்ணனுக்குக் கோபம் வந்து, இருவருக்கும் பேச்சு நின்று போனது. சோறு வைப்பதும் எடுப்பதும் மட்டும் நடந்தது. கோயம்புத்தூரில் இருக்கும் அவர்களுடைய மகன் போன் செய்தால் தனித்தனியாகப் பேசினார்கள். நான் அண்ணன் பக்கம்தான் நின்றேன். இத்தனை வருடம் நாம் சந்தேகப்பட்டது சரிதான், மதினி மனதில் என்னவோ இருக்கிறது என்று எண்ணிக்கொண்டேன்.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட ஒரு பகல். கீழே இறங்கும்போதே நாற்றம் படிக்கட்டில் வந்து முகத்தில் அடித்தது. நனைந்த துணி இரண்டு நாள் அடைந்து கிடந்தால் வரும் நாற்றம். உள்ளே மதினி கட்டிலில் உட்கார்ந்து துண்டுகளை மடித்துக்கொண்டிருந்தார். ஒரு துண்டை முகத்தருகே கொண்டுபோய் மூச்சை இழுத்தார். சரி என்பதுபோல் தலையை ஆட்டிக்கொண்டு பீரோவுக்குள் வைத்தார்.

எனக்குக் கேட்கும் பழக்கம் இல்லை, சோதிக்கும் பழக்கம்தான். மேலே போய் ஒரு கைக்குட்டையைப் பினாயிலில் நனைத்துப் பிழிந்து, விசிறிக்கு அடியில் உலர்த்தினேன். மடித்துக் கொண்டுவந்து நீட்டினேன். "மதினி, புது சோப்பு ஒண்ணு வாங்கினேன். வாசம் எப்படி இருக்குன்னு சொல்லுங்க."

மதினி வாங்கி மூக்கில் வைத்தார். கண்ணை மூடினார். "நல்லா இருக்கு செல்வி. மல்லிப்பூ கணக்கா இருக்கு" என்றார்.

அந்த நிமிடம் நான் பட்ட வெட்கத்தை இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை. "மதினி, இது பினாயில்" என்றேன்.

கைக்குட்டை அவர் மடியில் விழுந்தது.

"எத்தனை மாசமா மதினி வாசம் தெரியல?"

"காய்ச்சலுக்குப் பொறவு. வந்துரும் வந்துரும்னு இருந்தேன். வரல."

"ஏன் மதினி சொல்லல?"

"சொன்னா எல்லாரும் எனக்காகப் பொய் சொல்லுவிய. நாறினாலும் நல்லாருக்குன்னு சொல்லுவிய. அப்புறம் நான் எதை நம்புறது?"

"அண்ணன் என்ன நெனச்சிட்டு இருக்காவ தெரியுமா? அவிய மேல உங்களுக்குச் சந்தேகம்னு."

மதினி நிமிர்ந்து பார்த்தார். "அவிய மேல எனக்கென்ன சந்தேகம்? எம் மூக்கு மேலதான். பூ வாசம் போச்சு, குழம்பு வாசம் போச்சு. அவிய வேர்வ வாசமாவது தெரியுதான்னு பாத்தேன். அதுவும் போச்சு" என்று சொல்லி, பினாயில் கைக்குட்டையாலேயே கண்ணைத் துடைக்கப் போனார். நான் பிடுங்கிக்கொண்டேன்.

சாயங்காலம் அண்ணன் வந்ததும் சொன்னேன். அவர் சட்டையைக்கூடக் கழற்றவில்லை. நேரே உள்ளே போய் மதினிக்கு அருகில் உட்கார்ந்தார். அவர்கள் என்ன பேசினார்கள் என்று தெரியாது. அன்று முதன்முறையாக நான் ஒட்டுக்கேட்கவில்லை.

திருநெல்வேலியில் டாக்டரிடம் காட்டினோம். "திரும்ப வரலாம், வராமலும் போகலாம்" என்றார். வரவில்லை. மறுவாரம் மதினி என்னை மொட்டைமாடிக்கு அழைத்தார். "இனிமே நீ மோந்து பாத்துச் சொல்லு. அதை வச்சு நான் மடிக்கேன்" என்றார்.

"அண்ணன்கிட்டக் கேக்கலாமே மதினி?"

"அவிய நான் வருத்தப்படுவேன்னு பொய் சொல்லுவாவ. நீ என்னைய என்னைக்குமே நம்பினதில்ல. அதனால நீ மழுப்ப மாட்ட."

அவர் கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் எனக்குத் தாங்க முடியாமல் இருந்தது. அன்றிலிருந்து தினமும் பள்ளி விட்டு வந்ததும் மாடியேறி இரண்டு கொடித் துணிகளையும் மோந்து பார்த்தேன். "இதுல இன்னும் ஈர வாட இருக்கு" என்றால் திரும்பவும் விரிப்பார். "இதுல சோப்பு தங்கிருக்கு" என்றால் மறுபடி அலசுவார். வாசனைப் பாக்கெட்டுகளை அவரே தூக்கிப் போட்டார். அவர் சொன்னபடி செய்யச் செய்ய என் துணியும் பதினைந்து நாள் கெடாமல் இருந்தது. அவர் எதையும் விட்டுவிட்டுச் சொல்லவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

இரண்டு வருடம் கழித்துச் சிறுநீரகக் கோளாறு வந்தது. கடைசிப் பன்னிரண்டு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார். நானும் அண்ணனும் அவர் மகனும் மாறி மாறி உடனிருந்தோம். வீட்டிலிருந்து துவைத்த விரிப்பும் நைட்டியும் தினமும் கொண்டுபோவேன். உயிர் போவதற்கு முந்திய நாள் காலையில் என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்: "செல்வி, எம் மேல வாட அடிக்கா? நெசத்தச் சொல்லு."

பக்கத்தில் நின்ற அண்ணன் வேண்டாம் என்பதுபோல் கண் காட்டினார். நான் குனிந்து மோந்து பார்த்தேன். "ஆமா மதினி. மருந்து வாட அடிக்கு. விரிப்ப மாத்துதேன்" என்றேன்.

மதினியின் முகம் தெளிந்தது. "அப்ப இத்தன நாளு நல்லாருக்குன்னு நீ சொன்னதும் நெசந்தான்" என்றார்.

மதினியின் கடைசி நாட்களில் துணை நின்ற மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும், ரத்தம் கொடுத்த அண்ணனின் வியாபார நண்பர்களுக்கும், துக்க வீட்டில் அடுப்பு எரியாத நாட்களில் காபியும் சோறும் கொண்டுவந்து தந்த தெருக்காரர்களுக்கும், புதூரிலிருந்தும் விளாத்திகுளத்திலிருந்தும் பஸ் மாறி வந்து தோள் கொடுத்த உறவினர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. துக்கத்தன்று திடீரென்று தூறல் விழுந்தபோது, யாரும் சொல்லாமலே மொட்டைமாடிக்கு ஓடிக் கொடியிலிருந்த துணிகளை எடுத்துக் கட்டிலில் விரித்துப் போட்ட எதிர்வீட்டு அக்காவுக்குத் தனியாக ஒரு நன்றி.

பதினாறாம் நாளன்று மதினியின் சேலைகளை ஞாபகமாக வாங்கிச் சென்ற பெண்களுக்கு ஒரு வேண்டுகோள். தூள் பாதி போடுங்கள். கடைசி அலசலுக்கு நல்ல தண்ணீர் எடுங்கள். ஆறவிட்டு மடியுங்கள். செய்கிறோம் என்று எல்லோரும் சொல்வீர்கள். எனக்கு நம்பிக்கையில்லை. உங்கள் வீட்டுக்கு வரும்போது சேலையை எடுத்து மோந்து பார்ப்பேன்.

நாத்தனார்,
செல்வி