கோந்து அண்ணனின் கண் திறந்த தியானம்

இன்று மதியம் கோந்து அண்ணனைச் சந்தித்தேன்! வீட்டுக்கு வந்து செருப்பைக்கூட ஒழுங்காகக் கழற்றவில்லை, உடனே தட்டிக்கொண்டிருக்கிறேன். எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அவர் ரயில் ஓட்டுபவர். பயணிகள் ரயில் ஓட்டியவர் என்றுதான் இப்போது சொல்ல வேண்டும். சீட்டில் உட்கார்ந்தால் ஊர் போய்ச் சேரும்வரை ஒட்டிக்கொண்டே இருப்பாராம், அதனால் கூட வேலை செய்பவர்கள் வைத்த பெயர் கோந்து. நான் போகும் தியான வகுப்பின் டீச்சர்தான், "ஒரு தடவை ரயில்வே யார்டுல டிரைவருங்க ஓய்வெடுக்கிற ரூமுக்குப் போய் அவரைப் பாரு" என்று அனுப்பிவைத்தார்.

பெட்டிகளைக் கோத்துப் பிரிக்கும் யார்டு அது. மூலையில் தகரக் கூரை போட்ட ஓர் அறை. நீளமான பெஞ்சு, எண்ணெய்க் கறை படிந்த துணி, சூடு ஆறிப்போன டீ. அண்ணன் பக்கத்தில் ஓர் ஒல்லியான ஆள். பெயர் குருவி. அண்ணனோடு எஞ்சினில் போகும் அசிஸ்டென்ட்.

"தியானம் கத்துக்கத்தான் வந்தியா? சரியான இடத்துக்குத்தான் வந்தே போ. இங்க கண்ணை மூடினா டீயைத் தூக்கிட்டுப் போயிடுவானுங்க" என்றார் குருவி. சிரித்தேன். அதற்குப் பிறகு வெகுநேரம் சிரிப்பு வரவில்லை.

அண்ணன் சொல்ல ஆரம்பித்தார். மழைக்காலத்தில் நடந்தது அது. ஆற்றுப் பாலத்துக்கு முன்னால் ஒரு வளைவு. வளைவைத் தாண்டியதும் தண்டவாளத்தில் ஒரு பெண். காற்றுக்கு எதிராகக் குடையைச் சாய்த்துப் பிடித்திருந்தார். நீலக் குடை. முகம் தெரியவில்லை. அண்ணன் ஹாரனை அழுத்தினார், பிரேக்கை முழுசாகப் போட்டார். மழைச் சத்தத்தில் அந்தப் பெண்ணுக்கு எதுவும் கேட்கவில்லை.

"பிரேக் போட்டதும் வண்டி நின்னுடும்னு நினைக்கிறீங்க இல்ல?" என்று கேட்டார் அண்ணன். "நிக்காதும்மா. அது பாட்டுக்குப் போய்க்கிட்டே இருக்கும். செய்ய வேண்டியதெல்லாம் செஞ்சு முடிச்சாச்சு. அப்புறம் கையை மடியில வெச்சுக்கிட்டு சும்மா உட்கார்ந்திருக்கணும். அந்த சும்மாதான்..."

குருவி கோப்பையை அவர் பக்கம் நகர்த்தி வைத்தார்.

அதன்பிறகு அண்ணனுக்குச் சோறு இறங்கவில்லை, தூக்கமும் போய்விட்டது. ஆபீஸில் லீவு கொடுத்தார்கள். திரும்ப ஓட்ட வேண்டுமானால் ஒரு இன்ஸ்பெக்டர் கூட ஏறி, அதே பாதையில் சோதனை ஓட்டம் பார்ப்பார். அந்த வளைவைத் தாண்டிக் காட்ட வேண்டும். அண்ணனுக்கு வேறு எந்த வேலையும் தெரியாது, வேறு எதிலும் ஆசையும் கிடையாது. எஞ்சினில் திரும்ப ஏறுவாரா, மாட்டாரா? வீட்டில் எல்லோருக்கும் அது ஒன்றுதான் கவலை.

அண்ணிதான் பிடித்து இழுத்துக்கொண்டு போய் மருந்துக்கடை மாடியில் நடக்கும் எங்கள் தியான வகுப்பில் சேர்த்துவிட்டார். பாய், சன்னமான விளக்கு, டீச்சரின் மெல்லிய குரல். "கண்ணை மூடிக்குங்க. கையை மடியில வையுங்க. இப்ப நீங்க எதுவுமே செய்ய வேண்டாம். சும்மா இருங்க."

நமக்கெல்லாம் தேன் மாதிரி இறங்கும் வார்த்தைகள். அண்ணனுக்கு அதே மடி, அதே கை, அதே சும்மா. வியர்வையில் சட்டை தொப்பலாக நனைந்துவிட்டது. பழகப் பழகச் சரியாகிவிடும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு வகுப்பு தவறாமல் போனார். ரயில் ஓட்டுபவர்கள் இப்படித்தானாம், சொன்னதை அப்படியே செய்வார்கள். ஒவ்வொரு வகுப்பிலும் அந்த வண்டி நிற்காமல் போய்க்கொண்டே இருந்தது. ஒருநாள் பாயிலிருந்து எழுந்து படியிறங்கி ஓடியே விட்டார்.

டீச்சர் செருப்பில்லாமல் பின்னாலேயே ஓடி வந்தார். "கண்ணை மூடினா எங்க போயிடறீங்க?" என்று கேட்டார். அப்போதுதான் முதல்முறையாக அண்ணன் வாய் திறந்து ஒருவரிடம் சொன்னார்.

டீச்சர் மருந்துக்கடைப் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். "தெரியாம உங்களைத் திரும்பத் திரும்ப அங்கேயே உட்கார வெச்சிருக்கேன். மன்னிச்சிடுங்க. நீங்க உட்கார வேண்டாம். நடங்க. கண்ணைத் திறந்தே வையுங்க. கண்ணுல படறதை ஒண்ணொண்ணாப் பேர் சொல்லிக்கிட்டே போங்க. பேர் சொன்னதும் விட்டுட்டு அடுத்ததுக்குப் போங்க."

"இதைத்தானே மேடம் நான் வேலையில செஞ்சுக்கிட்டிருக்கேன்!"

எஞ்சினில் ஒரு வழக்கம் உண்டு. சிக்னல் தெரிந்ததும் டிரைவர் கையை நீட்டிக் காட்டி, "பச்சை" என்று சத்தமாகச் சொல்ல வேண்டும். அசிஸ்டென்ட் தன் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் "பச்சை" என்று திருப்பிச் சொல்ல வேண்டும். மனம் வேறெங்கும் போகாமல் இருக்க அந்த ஏற்பாடு.

அன்றிலிருந்து வீடு எஞ்சின் ஆகிவிட்டது. அண்ணன் கையை நீட்டி, "கதவு, மூடியிருக்கு" என்பார். மகள் ஓடி வந்து, "கதவு, மூடியிருக்கு!" என்று திருப்பிச் சொல்வாள். "காயப்போடாத துணி, வாளி நிறைய இருக்கு, அதையும் சொல்லுங்களேன்" என்பார் அண்ணி. சோபாவில் சாய்ந்து கிடந்த மைத்துனர், "ஏன் மச்சான், நான் ஒருத்தன் இருக்கறது கண்ணுக்குத் தெரியலையா?" என்று வம்புக்கு இழுத்திருக்கிறார். அண்ணன் கையை நீட்டி, "சோபா, பாரம் அதிகம்" என்றாராம். அண்ணி அன்று சிரித்த சிரிப்பில் கண்ணீரே வந்துவிட்டதாம்.

மெல்ல மெல்லத் தூக்கம் வந்தது. தட்டில் இருப்பது ருசித்தது. அந்த நீலக் குடை மனதில் வராமல் இல்லை. வந்தால் அதற்கும் பேர் சொல்லிவிட்டு, அடுத்து கண்ணில் படுவதைச் சொல்வார். டீச்சர் சொல்லிக்கொடுத்தது அதுதான்.

சோதனை ஓட்டத்தன்று எஞ்சினில் மூன்று பேர். அண்ணன், குருவி, பின்னால் இன்ஸ்பெக்டர். வெயில் நன்றாக அடித்தது. ஹாரன், வேகம், சிக்னல் எல்லாம் அளந்து வைத்தது போல் போய்க்கொண்டிருந்தது. வளைவு வந்தது.

"வளைவு, வேகம் குறைவு" என்றார் அண்ணன்.

"வளைவு, வேகம் குறைவு" என்றார் குருவி.

வளைவைத் தாண்டியதும், கையை நேராக நீட்டி, அதே குரலில் அண்ணன் சொன்னார்: "நீலக் குடை."

வெறும் தண்டவாளம். ஒன்றுமே இல்லை.

இந்த இடத்தில் குருவி தானே பேச ஆரம்பித்தார். "ரூல் என்ன? அவர் சொன்னதை நான் என் கண்ணால பார்த்துட்டுத்தான் திருப்பிச் சொல்லணும். அந்த மழை நாள்ல பக்கத்து சீட்டுல நானும்தானே இருந்தேன்? நானும் பார்த்தேனே? யாராவது என்னைக் கேட்டாங்களா? லீவு அவருக்கு, விசாரிப்பு அவருக்கு. நான் மறுநாளே வேற வண்டியில ஏறிட்டேன். சொன்னேன்மா. 'நீலக் குடை'ன்னு சத்தமாச் சொல்லிட்டேன்."

அடுத்து அண்ணன், "பாலம், காலி" என்றார். குருவியும் சொன்னார். வண்டி பாலத்தைத் தாண்டியது. இருவர் கன்னத்திலும் கண்ணீர் வழிந்தது, இரண்டு பேரும் கண்ணை எடுக்காமல் தண்டவாளத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இங்கே கதை நல்லபடியாக முடியும் என்று நினைத்தேன். முடியவில்லை.

இறங்கியதும் இன்ஸ்பெக்டர், "உன்னைக் குத்தம் சொல்ல எனக்கு வாய் வரல. ஆனா பின்னாடி அத்தனை ஜனம் உட்கார்ந்திருக்கு. இல்லாததைப் பார்க்கிற கண்ணு, இருக்கிறதை விட்டுடுச்சுன்னா?" என்றார். அண்ணன், "நீங்க சொல்றது நியாயம்தான் சார்" என்றார். தனக்காக ஒரு வார்த்தை பேசவில்லை. குருவிக்காக மட்டும் கெஞ்சியிருக்கிறார். "அவன் டிரைவர் ஆகப் போற பையன் சார், அவனை விட்டுடுங்க." இன்ஸ்பெக்டர் முடியாது என்று தலையை ஆட்டினார். இல்லாததைத் திருப்பிச் சொன்னவனையும் எப்படி விடுவது?

பயணிகள் வண்டி ஓடும் பெரிய பாதை இருவருக்குமே போய்விட்டது. இப்போது யார்டில் காலிப் பெட்டிகளை இழுத்துத் தள்ளுகிறார்கள். நடை வேகம்தான். "இங்க பிரேக் போட்டா போட்ட இடத்துல நிக்கும்" என்றார் அண்ணன். அதைச் சொல்லும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டார். பெரிய பாதையில் ஒரு வண்டி முழு வேகத்தில் போனது. பெஞ்சிலிருந்த இரண்டு பேரும் அது கண்ணுக்கு மறையும்வரை பார்த்தார்கள்.

"இவன் வாழ்க்கையையும் சேர்த்துக் கெடுத்துட்டேன்."

"ஆரம்பிச்சிட்டாருய்யா. இதுக்கும் ஒரு பேர் வெச்சுச் சொல்லிட்டு அடுத்ததுக்குப் போங்கண்ணே" என்றார் குருவி.

"மனசுக்கு இப்ப நிம்மதியா இருக்காண்ணே?" என்று கேட்டுவிட்டேன்.

"நிம்மதியெல்லாம் பெரிய வார்த்தைம்மா. மூச்சு விட முடியுது."

ஞாயிற்றுக்கிழமை மதியம் அந்த அறைக்கு மற்ற டிரைவர்களும் வருகிறார்கள். ஒருவர் தான் பார்த்ததைச் சொல்வார். எதிரில் இருப்பவர் அதை அப்படியே திருப்பிச் சொல்வார். அறிவுரை கிடையாது. 'விதி, விட்டுத் தள்ளு' என்று யாராவது சொன்னால் டீ வாங்கிவர வெளியே அனுப்பிவிடுவார்கள். இன்று ஒரு தலைநரைத்த டிரைவர், வீட்டில்கூடச் சொல்லாத ஒன்றைச் சொன்னார். அண்ணன் அதை ஒரு சொல் மாறாமல் திருப்பிச் சொன்னார். நான் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துகொண்டேன்.

உங்கள் வீட்டில் அப்பாவோ, சித்தப்பாவோ, மாமாவோ ரயில், லாரி, பஸ் எதை ஓட்டுபவராக இருந்தாலும், ஒருநாள் வேலை முடிந்து வந்ததிலிருந்து பேச்சே குறைந்துபோயிருந்தால், இதை அவருக்கு அனுப்புங்கள். வாய்விட்டுப் படித்துக் காட்டினாலும் சரி. முடிந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரை அந்த யார்டுக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். எனக்கு எழுதினால் எந்த யார்டு என்று சொல்கிறேன். கேட்டில் கோந்து என்று சொன்னால் போதும், வழி காட்டுவார்கள். பெஞ்சில் இன்னும் இடம் இருக்கிறது.