பதினான்கு வயது வரை

நன்றாகக் கைதட்டல் வாங்கிய என் பேச்சு ஒன்று, போன வாரம் என்னையே தேடி வந்து உதைத்தது.

போன் செய்தவர் செம்பட்டிப் பக்கத்தில் ஒரு நடுநிலைப் பள்ளியின் தலைமை ஆசிரியை. அவர்கள் ஆண்டு விழாவில் நான்தான் சிறப்புப் பேச்சாளர். குழந்தைகளின் உரிமைகள் பற்றி முக்கால் மணி நேரம் முழங்கினேன். (வெயிலில் உட்கார்ந்திருந்த குழந்தைகளின் உரிமை ஞாபகம் வரவில்லை!)

“சார், உங்க பேச்சு நல்லா வேலை செஞ்சிருக்கு.”

“அப்படியா மேடம்?” எனக்குப் பெருமை தாங்கவில்லை.

“எட்டாவதுல முதல் மார்க் எடுத்த சகாயராணிய, அவங்கப்பா ஒன்பதாவதுக்கு அனுப்ப மாட்டேங்கிறாரு. கேட்டா, நீங்கதான் சொன்னீங்கன்றாரு.”

நானா?

மறுநாளே பஸ் ஏறினேன். சகாயராணியின் அப்பா ஆரோக்கியம் மல்லிகைத் தோட்டக்காரர். பூவை மார்க்கெட்டுக்கு அனுப்பிவிட்டு அப்போதுதான் சாப்பிட உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பு.

“வாங்க சார்! மைக்குல அம்புட்டு வெளக்கமா சொன்னீங்கள்ல... பதினாலு வயசு வரைக்கும் படிக்க வைக்கணும்னு. வச்சுட்டேன். சித்திரையோட பதினாலு முடிஞ்சிருச்சு. பூப் பறிக்க ஆளும் கெடைக்கல.”

ஞாபகம் வந்துவிட்டது. ‘அரசியலமைப்பையே திருத்தி, ஆறு முதல் பதினான்கு வயது வரை கல்வியை அடிப்படை உரிமையாக்கியிருக்கிறது நம் நாடு!’ — கையை உயர்த்திச் சொன்னேன். கைதட்டலுக்காக ‘வரை’யில் ஒரு அழுத்தம் வேறு கொடுத்தேன். சரியாக அங்கேதான் மனிதர் பிடித்துக்கொண்டிருக்கிறார்.

விடுவேனா? அடுத்த அஸ்திரத்தை எடுத்தேன். “அதே திருத்தத்துல பெத்தவங்களுக்கும் ஒரு கடமை வச்சிருக்காங்கண்ணே. பிள்ளைய படிக்க வைக்கணும்னு.”

“எம்புட்டு வயசு வரைக்கும்?”

“அது... பதினாலு.”

“அதத்தான சார் நானும் சொல்றேன்!”

இந்த லட்சணத்தில் என்னைச் சிறப்புப் பேச்சாளர் என்று போஸ்டர் அடிக்கிறார்கள்.

அதுவரை கதவோரம் நின்றிருந்த சகாயராணி முன்னால் வந்தாள். அழுது வீங்கிய கண்கள்.

“சார், ஓட்டு எப்ப போடலாம்?”

“பதினெட்டு வயசுலருந்தும்மா.”

“அப்ப நடுவுல நாலு வருஷம் நாங்க யாரு சார்?”

முக்கால் மணி நேரம் பேசியவனுக்கு இந்த ஒரு கேள்வி தோன்றவில்லையே! வெட்கமாக இருந்தது. கோபமும் வந்தது. நம் மாநிலத்தில் அரசுப் பள்ளியில் பிளஸ் டூ வரை போகலாம், பஸ் பாஸும் உண்டு. சரிதான். ஆனால் அப்பா ‘போதும்’ என்று சொல்லிவிட்டால், ‘இது என் உரிமை’ என்று பிடித்துக்கொள்ள அவளுக்கு என்ன இருக்கிறது? அரசியலமைப்பைத் திருத்திப் பாதி தூரம் கூட்டி வந்து, வழியில் இறக்கிவிட்டுப் போவது என்ன நியாயம்?

“தப்பு உங்க மேல இல்லண்ணே. சட்டமே பாதியில நிக்குது. பதினெட்டு வரைக்கும்னு திருத்தணும்” என்றேன்.

“திருத்தட்டும் சார். அன்னைக்கே அனுப்புறேன்.”

“அவங்க திருத்துற வரைக்கும் நான் பூப் பறிக்கணுமாப்பா?”

சகாயராணிதான் கேட்டாள். ஆரோக்கியத்தின் கை தட்டிலேயே நின்றுவிட்டது. மகளைப் பார்த்தார்.

“திங்கக்கெழம போ” என்றார். “விடியக்காலைல ரெண்டு வரிச பூ எடுத்துக் குடுத்துட்டுப் போ.”

அவள் அழுதுகொண்டே சிரித்தாள். நான் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன்... தூசி!

கிளம்பும்போது சகாயராணியின் அம்மா ஒரு பொட்டலம் மல்லிகையைக் கையில் வைத்தார். கூடவே மெதுவாக ஒரு வேண்டுகோள்.

“அடுத்த தடவ பேசும்போது, அந்த ‘வரைக்கும்’ மட்டும் வேணாம் சார்.”

டெல்லிக்கும் சேர்த்துத்தான் சொல்லியிருப்பார் என்று நினைக்கிறேன்.