கர்ப்பப்பை ஆபரேஷன் என்று சொன்னவள்

ராமநாதபுரத்தில் ஒரு தனியார் கிளினிக்கில் டிரெஸிங் சிஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். இப்போதும் கல்யாண வீடுகளில் பெண்கள் என்னை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போய், "இடுப்புச் சதைய உறிஞ்சி எடுக்குறாகளாமே, செய்யலாமா சிஸ்டர்?" என்று கேட்கிறார்கள். லிப்போசக்‌ஷனைத்தான் கேட்கிறார்கள். பவுசியாவின் கதையைச் சொல்வேன் (பெயரை மாற்றியிருக்கிறேன்). கேட்டுவிட்டு "பாவம்" என்பார்கள். அடுத்த மூச்சில், "மதுரையில எந்த டாக்டர் நல்லா செய்வாரு?" என்பார்கள். சொல்லிப் பயனில்லை என்று தெரிந்தேதான் இதை எழுதுகிறேன்.

1. கட்டுப் பிரித்த அன்று

பவுசியா கீழக்கரைப் பெண். கணவர் துபாயில். அந்த ஊர் வழக்கப்படி கல்யாணத்துக்குப் பிறகும் தாய்வீட்டில் தன் உம்மாவோடுதான் இருந்தாள். மதுரையில் ஆபரேஷன் முடிந்து வந்தவளுக்கு வீட்டுக்கே வந்து டிரெஸிங் செய்ய வேண்டும் என்று அவளுடைய உம்மா கிளினிக்கில் கேட்க, என்னை அனுப்பினார்கள்.

"கர்ப்பப்பையில கட்டி சிஸ்டர். எடுத்துட்டாக. எம் புள்ள பொழச்சு வந்ததே பெருசு" என்றார் உம்மா.

அவரை வெளியே இருக்கச் சொல்லிவிட்டுத் துணியை விலக்கினேன். வயிறு, இடுப்பு, தொடை எல்லாம் சேர்த்து இறுக்கிப் பிடிக்கும் உடுப்பு, பிரஷர் கார்மென்ட். திறந்தால் இடுப்பின் இரு பக்கமும் சின்னத் துளைகள், கருநீலத் திட்டுகள், ரத்தம் கலந்த நீர்க்கசிவு. கர்ப்பப்பைக் கட்டிக்கு யாரும் அங்கே துளை போடமாட்டார்கள்.

"உம்மாட்ட சொல்லிராதீங்க" என்று கையைப் பிடித்தாள். "அல்லா குடுத்த உடம்புல இதுக்குப் போயி கத்தி வச்சியாடின்னு கேக்கும். மச்சானுக்கும் போன்ல சொல்லிரும்."

போன லீவில் வந்த கணவர் கல்யாண ஆல்பத்தைப் புரட்டிவிட்டு, "இதுல இருக்க புள்ள எங்க?" என்று சிரித்தாராம். அவர் சிரித்துவிட்டு விமானம் ஏறிவிட்டார். இவள் அதையே நினைத்துக்கொண்டு கிடந்திருக்கிறாள்.

லிப்போசக்‌ஷன் எடை குறைக்கிற வைத்தியம் இல்லை, ஓரிடத்துக் கொழுப்பை எடுத்து உருவத்தைச் சரிசெய்வதுதான் என்றேன். வீக்கம் முழுதாக வடிய மாதக்கணக்கில் ஆகும் என்றதும் அழுதுவிட்டாள். மச்சான் அடுத்த மாதமே வருகிறாராம். ஆபரேஷனுக்குப் போகும் முன்பே இதை மனசில் வாங்கியிருக்க வேண்டும். யார் வாங்குகிறார்கள்?

2. மாத்திரை

தலையணையைச் சரிசெய்யும்போது அடியில் ஒரு மாத்திரை அட்டை இருந்தது. மாதவிலக்கைத் தள்ளிப்போடும் மாத்திரை. கணவரின் குறுகிய லீவு வீணாகிவிடக் கூடாது என்று எங்கள் பக்கத்துப் பெண்கள் இதை மிட்டாய் மாதிரி வாங்கி விழுங்குவார்கள். அடுத்த மாதத் தேதியும் சேர்ந்து தள்ளிப்போகட்டும் என்று இவள் ஆபரேஷனுக்கு முன்பே ஆரம்பித்திருந்தாள். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை.

"மதுரையில என்ன மருந்து சாப்பிடுறன்னு கேட்டாங்கல்ல? இதச் சொன்னியா?"

"இது மருந்தா சிஸ்டர்? சீக்குக்குச் சாப்பிடுறதத்தான கேட்டாக."

இந்த வகை மாத்திரைகள் ரத்தம் உறையும் ஆபத்தைக் கூட்டக்கூடும். ஆபரேஷனுக்கு முன்பே டாக்டரிடம் சொல்லியிருக்க வேண்டியது. அங்கேயே மதுரை டாக்டருக்குப் போன் போட வைத்தேன். உடனே நிறுத்தச் சொன்னார், நடக்கச் சொன்னார். ஒரு கால் மட்டும் வீங்கினாலோ, மூச்சு வாங்கினாலோ ஆஸ்பத்திரிக்கு ஓடச் சொன்னார். எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள்.

3. உம்மாவின் கவனிப்பு

அடுத்த முறை போனபோது பவுசியா படுக்கையிலேயே இருந்தாள். உம்மா ஊட்டிவிட்டுக்கொண்டிருந்தார்.

"நடக்க விடுங்கம்மா. எந்த ஆபரேஷனா இருந்தாலும் நடக்கணும்."

"நல்லாச் சொன்னீங்க. கர்ப்பப்பையில கத்தி வச்சவள நடக்க விட்டா கர்ப்பப்பை எறங்கிராதா? எங்க வீட்டுல நாப்பது நாளு கட்டில விட்டு எறக்க மாட்டோம். கக்கூசுக்குக்கூட நான்தான் தாங்கிக் கூட்டிட்டுப் போறேன்."

நான் பவுசியாவைப் பார்த்தேன். கர்ப்பப்பை ஆபரேஷன் ஆனவள் சட்டென்று எழுந்து நடந்தால் பொய் தெரிந்துவிடும் என்ற பயம் அவள் முகத்தில் அப்படியே இருந்தது. உம்மா தண்ணீர் எடுக்க உள்ளே போனபோது, "சொல்லித் தொலையேன்டி. திட்டினா திட்டிட்டுப் போகட்டும்" என்றேன்.

"மச்சான் வந்து போகட்டும் சிஸ்டர். பெறகு நானே சொல்லுவேன்."

அவள் ரகசியத்தை நான் உடைக்க முடியாது. உம்மாவிடம் வேறு வேறு விதமாகச் சொல்லிப் பார்த்தேன். அவர் அசையவில்லை. மகளுக்கு என்ன நடந்தது என்று தெரியாதவரிடம் எதைச் சொல்லி நம்ப வைப்பது?

4. பிறகு

அடுத்த டிரெஸிங்குக்கு நான் போவதற்குள் பவுசியாவை அடக்கம் செய்துவிட்டார்கள். சேதி கேட்டுக் கணவர் அப்போதுதான் வந்து இறங்கியிருந்தார். உம்மா என் கையைப் பிடித்து உட்கார வைத்துக்கொண்டார்.

"ஒரு காலு மட்டும் வீங்கிக் கெடந்துச்சு சிஸ்டர். வலிக்குதுன்னுச்சு. எண்ணெயக் காச்சி சாயந்தரம் அஸர் தொழுகைக்குப் பாங்கு சொல்ற வரைக்கும் உருவி விட்டேன். 'இப்ப தேவல உம்மா'ன்னுச்சு. பெறகு எந்திரிச்சு உக்காந்து மூச்சுக்குத் தவிச்சுச்சு. கார் வாரதுக்குள்ள போயிருச்சு."

படுத்தே கிடந்த காலில் ரத்தம் உறைந்திருக்க வேண்டும். அந்தக் காலை உருவவே கூடாது. உறைந்த கட்டி நகர்ந்து நுரையீரலை அடைத்துவிடும்.

கத்தி வைத்துக்கொள்ளப் போகிறவர்களுக்கு என்னிடம் இருப்பது இவ்வளவுதான்: டாக்டரிடம் எல்லா மாத்திரையையும் சொல்லுங்கள். ஊருக்கும் உறவுக்கும் என்ன பொய் வேண்டுமானாலும் சொல்லுங்கள். உங்களுக்குச் சோறு ஊட்டி, கால் பிடித்துவிடப் போகிறவரிடம் மட்டும் உண்மையைச் சொல்லிவிடுங்கள்.

உம்மா என் கையை விடவே இல்லை.

"நான் எதுலயும் கொற வைக்கலயே சிஸ்டர்? நீங்கதான் பாத்தீங்களே."

"இல்லம்மா. நீங்க ஒரு கொறையும் வைக்கல."