பிலோமினா கேட்ட ஒரு மூச்சு நேரம்

1. நெய்வேலி நகரியக் குடியிருப்பில் வசிக்கும் தி. ஞானமூர்த்தி ஆகிய நான் சட்டம் படித்தவன். நம் மனமகிழ் மன்றத்தின் ஆடுபுலி ஆட்டப் போட்டிக்கு விதிகள் எழுதியவன்.

2. மறைந்த பிலோமினாவை அறிந்த மன்ற உறுப்பினர்களுக்கு இதை எழுதுகிறேன். நான் நேரில் கண்டதையும், அவர் கணவர் சேவியர் சொல்லக் கேட்டதையும் பிரித்தே சொல்வேன்.

செய்தியைச் சேவியர்தான் போனில் சொன்னார். "சார், பிலோமி போயிட்டா சார்." என் வாய் பழக்கத்தில், எத்தனை மணிக்கு, யார் உடனிருந்தார்கள், மருத்துவர் என்ன சொன்னார் என்று கேட்டது. அவர் ஒவ்வொன்றுக்கும் பொறுமையாகப் பதில் சொன்னார். மனைவியை இழந்தவரைக் குறுக்கு விசாரணை செய்திருக்கிறேன் என்பது போனை வைத்த பிறகே எனக்கு உறைத்தது.

பிலோமினா மந்தாரக்குப்பத்தில் வீட்டிலிருந்தபடியே புதுச்சேரி நிறுவனம் ஒன்றுக்குப் புரோகிராம் எழுதி வந்தார். நமக்கு வேலை ஷிப்ட் மாறி மாறி வருவதால் நம்மால் ஒருசேர உட்கார்ந்து ஆட முடியாமல் போனபோது, கைபேசியில் ஆட ஒரு செயலி செய்து தந்தார். முதல் வடிவத்தை என்னிடம்தான் நீட்டினார்.

"ஆட்ட இழுத்துப் பாருங்க வக்கீல் சார். தெரியுதா?"

"என் கட்டைவிரல்தாங்க தெரியுது."

"அப்ப ஆட்ட வெரலுக்கு மேல தூக்கிக் காட்டணும். அதுக்கும் காத்து வேணுமில்ல?" என்று சிரித்தார். அடுத்த வடிவத்தில், இழுக்கும் காய் விரல் நுனிக்குச் சற்று மேலே மிதந்து வந்தது. இன்று நாம் யோசிக்காமல் அனுபவிக்கும் வசதி அது.

விரலை எடுக்கும் இடத்தில்தான் சிக்கல் வந்தது. புள்ளிகளுக்கு நடுவே விட்டால் காய் புறப்பட்ட இடத்துக்கே திரும்பிவிடும். அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் தவறான புள்ளியில் விழுந்த காயையும் திரும்ப எடுக்க ஒரு மூச்சு நேரம் தர வேண்டும் என்றார். நான் ஆட்சேபித்தேன்.

"சார், மனசு ஒரு எடத்த சொல்லுது, வெரல் வேற எடத்துல வுட்டுடுது. நீங்க யார கேப்பீங்க?"

"விரலத்தான். மனசக் கூண்டுல ஏத்தி விசாரிக்க முடியுமா?"

மன்றமே சிரித்தது. அந்த வாக்கியத்தைப் பிறகு வேறு இடங்களிலும் நானே சொல்லிக்கொண்டு திரிந்தேன். வைத்த காய் வைத்ததே என்று விதி எழுதப்பட்டது. பிலோமினா மேற்கொண்டு வாதாடவில்லை. "சரிங்க, அதுக்கு எழுதுனத அணைச்சி வெச்சிடறேன். ஆனா அழிக்க மாட்டேன்," என்றார்.

சென்ற போட்டியின் இறுதி ஆட்டத்தில் நானும் அவரும் எதிரெதிரே உட்கார்ந்தோம். எனக்குப் புலி, அவருக்கு ஆடு. என் புலிகளில் இரண்டு அடைபட்டுவிட்டன. மூன்றாவதைப் பூட்ட ஓர் ஆடு போதும். அவர் கைபேசியில் இழுத்த ஆடு, சுவரிலிருந்த பெரிய திரையில், போக வேண்டிய புள்ளிக்கு மேலே நின்று அலைந்தது. யோசிக்கிறார் என்று நினைத்தேன். அது பக்கத்துப் புள்ளியில், என் புலி தாண்டிப் பிடிக்கும்படி விழுந்தது.

"ஐயோ, கை தவறிடுச்சி."

"மேடம், நீங்க எழுதுன புரோகிராமே உங்கள கடிக்குது பாருங்க!" என்று பின்வரிசையில் யாரோ கேலி செய்தார். பிலோமினாவும் சிரித்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் விட்டுக்கொடுத்திருந்தால் ஒருவரும் மறுத்திருக்க மாட்டீர்கள்.

"விதி விதிதானேங்க," என்று சொல்லி அந்த ஆட்டைத் தாண்டினேன். கோப்பை என் வீட்டுக்கு வந்தது.

இனி வருவது, அடக்கம் முடிந்தபின் சேவியர் சொன்னது. விதி எழுதுவதற்கு முன்பே பிலோமினாவுக்கு விரல் நடுக்கம் தொடங்கியிருக்கிறது. நரம்பு நோய் என்று மருத்துவர்கள் சொல்லிவிட்டார்கள். அந்த மூச்சு நேரத்தை அவர் கேட்டது அதனால்தான்.

"வக்கீல் சார்கிட்ட சொல்லிடலாம், ஒத்துக்குவாருன்னு சொன்னேன் சார். 'எனக்குன்னு கேட்டா அது சலுகை. எல்லாருக்கும்னு கேட்டாதான் விதி. நீங்க சும்மா இருங்க'ன்னுட்டா."

என் விதி அவர் நோயைக் கூட்டவில்லை. அவர் கை நடுங்குவது எனக்குத் தெரியாது என்பதும் உண்மை. இவ்விரண்டையும் எனக்கு நானே பலமுறை வாதிட்டுப் பார்த்துவிட்டேன், வாதம் நிற்கவில்லை. கேள்வி கேட்டே பிழைப்பவன் நான். அன்று அவர் என்னைப் பார்த்தபோது, என்ன ஆயிற்று என்று நான் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை.

ஆகவே, என் ஆட்சேபணையை முழுமையாகத் திரும்பப் பெறுகிறேன். பிலோமினா அணைத்து வைத்த அந்த மூச்சு நேரத்தை, செயலியை இப்போது கவனித்துக்கொள்ளும் நம் உறுப்பினர் சாந்தி இயக்குவதற்கு மன்றம் ஒப்புதல் தர வேண்டுகிறேன். சலுகைக்கும் விதிக்கும் அவர் கண்ட வேறுபாட்டை நான் எனக்கென வைத்துக்கொள்கிறேன். இனி நான் எழுதும் எந்த விதியும் அதற்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

இதைச் சேவியரிடம் படித்துக் காட்டிச் சாட்சிக் கையெழுத்துக் கேட்டேன். முழுதும் கேட்டுவிட்டு அவர் சொன்னார்: "ஒண்ணு வுட்டுட்டீங்க சார். கை மட்டும் தவறலன்னா அன்னிக்கு அவதான் ஜெயிச்சிருப்பா. வூட்டுக்கு வந்து அதையேதான் சொல்லிக்கினு இருந்தா. அதயும் எழுதுங்க."

நிரூபிக்க முடியாததை நான் எழுதுவதில்லை. எழுதுகிறேன்: அந்த ஆட்டத்தில் பிலோமினா வென்றிருப்பார்.

(ஒப்பம்)
தி. ஞானமூர்த்தி

சாட்சிகள்:
அ. சேவியர், கணவர்
கு. சாந்தி, மன்ற உறுப்பினர்