கைலாசியின் டிரைவருக்குக் காது கேட்கும்

எங்கள் வீட்டு எருமைக்குத் தெரிந்த அளவுக்கு என் தம்பி பெண்டாட்டியை எனக்குத் தெரியாது. கைலாசி வாழ வந்த நாளிலிருந்து என்னிடம் நேரே ஒரு வார்த்தை பேசியதில்லை. கணவனின் அண்ணனுக்கு முகம் காட்டக் கூடாது, நேருக்கு நேர் பேசக் கூடாது. ராஜஸ்தானில் எங்கள் மீணா சாதிக் குடும்பங்களில் அதுதான் முறை. நான் முற்றத்துக்குள் நுழையும் முன் வாசலில் நின்று இருமுவேன். சத்தம் கேட்டதும் அவளுடைய முக்காடு கழுத்துவரை இறங்கிவிடும். பிறகு எருமையின் பக்கம் திரும்பிக்கொண்டு, "உன் எஜமானுக்கு ரொட்டி ஆறிப்போகுது, சாப்பிட்டுட்டு ஊர்க்கதை பேசச் சொல்லு" என்பாள். எருமையும் தலையை ஆட்டும். அவளுடைய கால்களைத்தான் எனக்குத் தெரியும். வெள்ளிக் காப்பு போட்ட கால்கள், வலது பாதத்தில் ஒரு சூட்டுத் தழும்பு.

நான் ஹர்சகாய். சவாய் மாதோபூரில் கேன்டர் ஓட்டுகிறேன். கேன்டர் என்றால் மேலே கூரையில்லாமல், வரிசையாக இருக்கை போட்ட லாரி; சுற்றுலாக்காரர்களை ஏற்றிக்கொண்டு ரந்தம்போர் காட்டுக்குள் போவது. ஊரில் கேன்டர் ஓட்டுகிறவர்கள் நிறையப் பேர். ராஜா வண்டிக்கு ஓட்டுகிறவர்கள் சிலர்தான், அவர்களில் நான் மூத்தவன். அதனால் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு என்று சொல்வார்கள். சொல்லட்டுமே.

ராஜா வண்டி என்று நாங்கள் சொல்வது அந்த ஆடம்பர ரயிலை. குளிர்காலம் முழுக்க வெள்ளிக்கிழமைதோறும் விடியலில் வரும். பிளாட்பாரத்தில் கம்பளம் விரிப்பார்கள், நகரா முழங்கும், ஷெனாய் ஊதுவார்கள், மெத்தைப் படுக்கையிலிருந்து எழுந்த கண்களோடு பயணிகள் இறங்குவார்கள். ஒரே வாரத்தில் அவர்களுக்கு அரண்மனை, கோட்டை, ஒட்டகம், நாட்டியம் எல்லாம் காட்டியாக வேண்டும். எங்கள் ஊருக்கு ஒரு காலைப்பொழுதுதான். காட்டுக்குள் போய்ப் புலியைப் பார்த்து, திரும்பி வந்து ரயிலில் முட்டையும் ரொட்டியும் சாப்பிட்டுவிட்டு, மதியம் சித்தோர் கோட்டைக்குப் போய்விடுவார்கள். புலிக்கு இந்த அட்டவணை தெரியாது. எங்கள் பிழைப்பில் உள்ள கஷ்டமெல்லாம் அதுதான்.

அந்த ரயிலுக்கும் கைலாசிக்கும் உள்ள சம்பந்தம் பிளாட்பாரத்தில் தொடங்கியது. ஒரு வருஷம் என் தம்பி ராம்கேஷின் கொய்யாத் தோப்பில் பூச்சி விழுந்து காய் எல்லாம் கொட்டிப்போனது. ரயிலின் மேலாளர் லோடா சாகிப், ஜோத்பூர்க்காரர், பயணிகளை வரவேற்கக் கிராமத்துப் பெண்கள் வேண்டும் என்று கேட்டார். கைலாசி போனாள். பாவாடை, முக்காடு, கையில் குங்குமத் தட்டு. வருகிறவர்கள் நெற்றியில் பொட்டு வைக்க வேண்டும். அவர்கள் ஆளுக்கொரு போனைத் தூக்கிக்கொண்டு அவளுடைய முக்காட்டைப் படம் எடுப்பார்கள். அந்தக் குளிர்காலம் முடிந்ததும் இனி வரமாட்டேன் என்றாள். லோடா சாகிப் வீட்டுக்கே ஆள் அனுப்பினார். வந்தவனிடம் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு அவள் சொன்னது முற்றம் முழுக்கக் கேட்டது.

"முகத்தை மூடிக்கிட்டு நிக்கிறதுக்கு நான் எதுக்கு? ஒரு கம்புக்குப் புடவையைச் சுத்தி நிறுத்தச் சொல்லுங்க. படம் இன்னும் நல்லா விழும்."

எனக்குச் சிரிப்பு வந்தது. மூத்தவன் சிரிக்கக் கூடாதே என்று மீசையைத் தடவிக்கொண்டேன்.

அப்புறம்தான் வினை வந்தது. வனத்துறையில் பெண் வழிகாட்டிகள் வேண்டும், பன்னிரண்டாவது படித்திருந்தால் போதும் என்று அறிவித்தார்கள். பன்னிரண்டாவது படித்த மருமகள் எங்கள் தெருவிலேயே இவள் ஒருத்திதான். பரீட்சை எழுதப் போகிறாள் என்று ராம்கேஷ் தயங்கித் தயங்கிச் சொன்னான். நான் கூரை பிய்ந்துபோகும்படி கத்தினேன். குடும்ப மானம், ஆம்பளைகள் கூட்டம், காட்டில் புலி இருக்கிறது என்றெல்லாம் வாயில் வந்ததைச் சொன்னேன். மாட்டுக் கொட்டகையிலிருந்து பதில் வந்தது.

"உன் எஜமான்கிட்ட சொல்லு, புலி இருக்குன்னுதான் போறேன். எலி பாக்கணும்னா வீட்டுலயே பாப்பேன். ரொம்பக் கத்துறாரு, தொண்டை கெட்டுடும். அடுப்புல கஷாயம் இருக்கு."

எருமையிடம் போய்ச் சண்டை போட முடியுமா? சாப்பிடாமல் படுத்துக்கொண்டேன்.

அந்தக் கோடை முழுக்க அவள் பால் கறக்கும்போது பறவைகளின் பெயர்களைச் சொல்வாள், சாணி அள்ளும்போது இங்கிலீஷ் பேசுவாள். 'குட் மார்னிங், வெல்கம் டு ரந்தம்போர்' என்று தினமும் விடியலில் எருமையை வரவேற்பாள். ஜில்லாவிலேயே அவ்வளவு இங்கிலீஷ் கேட்ட எருமை வேறு இருக்காது. பரீட்சையில் தேறிவிட்டாள். காக்கிச் சட்டையும் தொப்பியும் கொடுத்தார்கள். தொப்பிக்கு மேல் ஒரு துப்பட்டாவைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனாள். வழியில் என் கேன்டர் எதிர்ப்பட்டால் துப்பட்டா கீழே இறங்கும், தாண்டியதும் மேலே ஏறும். வண்டி ஒதுக்குகிற குமாஸ்தா எங்கள் பக்கத்து ஊர்க்காரர், விவரம் தெரிந்தவர். அவளையும் என்னையும் ஒரே வண்டியில் போடவே மாட்டார்.

ஆனால் அவளுக்கு அந்த ரயில் வேண்டும். மற்ற வண்டிகள் எவ்வளவு கிடைத்தாலும் அவளுக்குப் போதவில்லை. ஒருநாள் எருமையிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்: "வாயே இல்லாத மாதிரி நின்னேன் பாரு, அதே ரயில்காரங்களுக்கு நான்தான் காட்டைப் பேசிக் காட்டணும். அதுவரைக்கும் விடமாட்டேன்." எழுதிப் போட்டாள், அதிகாரிகளைப் பார்த்தாள், கடைசியில் ரயில் வண்டிகளுக்கான பட்டியலில் பெயர் ஏறியது. அந்த வருஷம் பார்த்து ஒதுக்கீட்டைக் கம்ப்யூட்டருக்கு மாற்றினார்கள். கம்ப்யூட்டருக்கு எந்த ஊர், என்ன உறவு தெரியும்? முதல் வெள்ளிக்கிழமையே என் வண்டிக்கு அவளைப் போட்டுவிட்டது.

மற்ற டிரைவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். உங்க அம்மாவையும் கூட்டிட்டு வாய்யா, குடும்பமா போயிட்டு வாங்க என்றான் ஒருத்தன். நான் நேரே பார்த்தபடி ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டேன். அவள் ஏறி எனக்குப் பக்கத்து இருக்கையில், எனக்கு முதுகு காட்டி, பயணிகளைப் பார்த்து உட்கார்ந்தாள். என் பக்கமாகத் துப்பட்டா இறங்கியிருந்தது.

வழிகாட்டி சொல்லாமல் டிரைவர் நிறுத்த முடியாது. எங்கே நிற்க, எங்கே திரும்ப, எப்போது இன்ஜினை அணைக்க என்று அவள்தான் சொல்ல வேண்டும். எருமையோ வீட்டில் இருக்கிறது. முன்வரிசையில் பெல்ஜியம் தேசத்து அம்மாள் ஒருத்தி, ஒடீல் என்று பெயர், கையில் விசிறியோடு உட்கார்ந்திருந்தாள். கைலாசி அந்த அம்மாளிடம் இங்கிலீஷில், தயவுசெய்து டிரைவரை நிறுத்தச் சொல்லுங்கள் என்றாள். அம்மாள் திகைத்துப்போய், ஒரு முழ தூரத்தில் இருந்த என் தோளில் விசிறியால் தட்டினாள். நான் நிறுத்தினேன். பாறை இடுக்கில் ஒரு கரடி இருந்தது. சத்தியமாக நான் அதைக் கவனிக்கவில்லை. அந்த எரிச்சல் வேறு. அன்று காலை முழுவதும் விசிறியால் அடி வாங்கிக்கொண்டே ஓட்டினேன்.

ரயிலுக்குத் திரும்பியதும் ஒடீல் அம்மாள் லோடா சாகிப்பின் கையைப் பிடித்துப் பாராட்டியிருக்கிறாள். காது கேளாத ஒருவருக்கும் வேலை கொடுத்திருக்கிறீர்களே, என்ன பெரிய மனசு என்று. லோடா சாகிப்புக்கு முகம் வெளுத்துவிட்டது. என்னைக் கூப்பிட்டு, உனக்குக் காது கேட்கிறதா இல்லையா என்றார்.

கேட்கிறது என்றால் அடுத்த கேள்வி என்னவென்று எனக்குத் தெரியும். பின்னே ஏன் அவள் உன்னிடம் பேசவில்லை? காரணத்தைச் சொன்னால், அவரும் ராஜஸ்தான்காரர்தானே, உடனே புரிந்துகொள்வார். அந்தப் பெண்ணை ரயில் பட்டியலிலிருந்து எடுத்துவிடு, வீண் தொல்லை என்பார். ஒரே ஒரு வாக்கியம் போதும், அவளுடைய கதை முடிந்துவிடும். அந்த வாக்கியம் என் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. எத்தனை நாள் கத்தியிருக்கிறேன் அவள் போகக் கூடாது என்று! ஆனால் கம்பளத்துக்கு அந்தப் பக்கம் அவள் துப்பட்டாவை முகத்தில் இறக்கிவிட்டு, தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். வெளியாளிடம் போய் எங்கள் வீட்டுப் பெண்ணின் பிழைப்பைக் கெடுக்க எனக்கு வாய் வரவில்லை. ஒன்றும் சொல்லாமல் நின்றேன்.

"சரிதான், கேக்கலை" என்றார் லோடா சாகிப். "அடுத்த வெள்ளிக்கிழமை நானே உன் வண்டியில வர்றேன். காது சரியில்லைன்னா வேற டிரைவர் போட்டுடுவேன். புலிக் காட்டுல விளையாட முடியாது ஹர்சகாய்."

வீட்டில் ராம்கேஷ் இருதலைக் கொள்ளி எறும்பாகத் தவித்தான். அவளிடம், ரயிலை விட்டுவிடு என்றான். என்னிடம் வந்து, உண்மையைச் சொல்லிவிடு என்றான். நான் தோளைக் குலுக்கினேன். கொட்டகையில் பால் பாத்திரம் ணங்கென்று கீழே வைக்கப்பட்டது.

"உன் எஜமான் வண்டிய விடக் கூடாது. நானும் ரயில விடமாட்டேன். ரெண்டும் நடக்கும்னு சொல்லு."

எப்படி நடக்கும் என்று அவளும் சொல்லவில்லை, எருமையும் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை வந்தது. காட்டு வாசலில் வண்டிகள் வரிசையாக நின்றன. லோடா சாகிப் என் வண்டியின் முன்வரிசையில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். டிரைவர்கள் எல்லாரும் இறங்கி வந்து வேடிக்கை பார்த்தார்கள். எல்லாம் எங்கள் ஆட்கள்தான், எங்கள் ஊர், பக்கத்து ஊர். கைலாசி நடந்து வந்தாள். வண்டியில் ஏறவில்லை. நேரே என் கதவுக்கு முன்னால் வந்து நின்றாள். தலையில் தொப்பி மட்டும் இருந்தது. துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டியிருந்தாள்.

எல்லா டிரைவர்களையும் எல்லா வழிகாட்டிகளும் கூப்பிடுகிற பேரால்தான் அவளும் என்னைக் கூப்பிட்டாள்.

"உஸ்தாத், இன்னிக்கு ஏரிப் பக்கம் போறோம். நிறுத்தச் சொன்னா உடனே நிறுத்தணும். கேக்குதா?"

எனக்கு வேறு எதுவும் செய்யத் தோன்றாமல், இத்தனை வருஷப் பழக்கத்தில், இருமினேன்.

அந்த இருமலின் அர்த்தம் அங்கே நின்ற ஒவ்வொருவனுக்கும் தெரியும். லோடா சாகிப் நிமிர்ந்து என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அவளுடைய கை தன்னையறியாமல் மேலே போனது. நெற்றிவரை போயிற்று. அங்கே துப்பட்டா இல்லை. தொப்பியின் விளிம்பைப் பிடித்து இன்னும் அழுத்தமாகப் பொருத்திக்கொண்டு, கையைக் கீழே போட்டாள். அப்போதுதான் அந்த முகத்தை முழுதாகப் பார்த்தேன். சாதாரண முகம்தான், கன்னத்தில் அம்மைத் தழும்பு. பார்வையை என்னிடமிருந்து எடுக்கவில்லை.

"கேக்குதா, உஸ்தாத்?"

பயமா, கோபமா, பெருமையா, எது என்று சொல்லத் தெரியவில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

"கேக்குது, கைடு மேடம்" என்றேன். "எனக்கு எப்பவும் நல்லாவே கேக்கும். ஏறுங்க, நேரமாகுது."

அன்று காட்டுக்குள் நாங்கள் போட்ட சண்டையை ரயில்காரர்கள் மறக்கமாட்டார்கள். அவள் வலப்பக்கம் என்றாள், புலியைக் கண்ட மான் அங்கேதான் கத்துகிறதாம். இடப்பக்கம்தான் தண்ணீர் என்றேன் நான். பேசாமல் விட்ட வருஷத்துக்கெல்லாம் சேர்த்துப் பேசினோம். புலி எங்கள் இருவர் பேச்சையும் கேட்கவில்லை. நாங்கள் கையை விரித்துக்கொண்டு திரும்பும்போது, வாசலுக்குப் பக்கத்துப் பாதையில் புலி வெயில் காய்ந்துகொண்டு படுத்திருந்தது. நான் இன்ஜினை அணைத்தேன். அவள் எழுந்து நின்று, அந்தப் புலியின் பிறப்பு வளர்ப்பையெல்லாம் பயணிகளுக்குச் சன்னமான குரலில் சொன்னாள். கம்பளிக்குள்ளிருந்து லோடா சாகிப்பும் அதைத் தலையாட்டிக்கொண்டு கேட்டார். இறங்கும்போது என்னிடம், காது சரியாத்தான் இருக்கு, வாய்தான் அதிகம் என்றார். அடுத்த வாரத்துக்கும் இதே ஜோடியைப் போடச் சொல்லிவிட்டு ரயில் ஏறினார்.

ஊர் பேசத்தான் பேசியது. டீக்கடையில் ஒருத்தன் என் காதுபட, தம்பி பெண்டாட்டி முகம் எப்படிய்யா இருக்கு என்றான். கைடு முகம் மாதிரி இருக்கு, உன் பெண்டாட்டியையும் பரீட்சை எழுதச் சொல்லு என்றேன். அதற்குமேல் அவன் டீயைக் குடித்தான்.

அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் வீட்டு வாசலுக்கு வந்ததும் கால் தானாக நின்றது. காடு வேறு, வீடு வேறு என்று நினைத்துக்கொண்டு வழக்கம்போல் இருமினேன். முற்றத்தில் அவள் மாவு பிசைந்துகொண்டிருந்தாள். பக்கத்தில் எருமை அசை போட்டுக்கொண்டிருந்தது. அவள் எருமையின் பக்கம் திரும்பவில்லை. மாவுக் கையோடு நிமிர்ந்து நேரே என்னைப் பார்த்தாள்.

"என்ன உஸ்தாத், காலையிலிருந்து இருமிக்கிட்டே இருக்கீங்க? கஷாயம் வைக்கட்டுமா?"