தொட்டிலின் நாலாவது சட்டம்

ஆணிக்குத் தோள்பட்டை இரண்டும் கழன்று கீழே விழுந்துவிடும் போல வலித்தது. பதினைந்து நாளாக உளியும் கொட்டாப்புளியுமாகப் பள்ளம் வெட்டுகிறான். மெஷினில் ஒரு மணி நேரத்தில் முடிகிற வேலை, கையில் ஒரு முழுநாளைத் தின்றது. சாப்பிட உட்கார்ந்தால் விரல் மடங்குவதில்லை.

அந்த வலியோடுதான் அன்று மதியம் பட்டறையில் நின்றிருந்தான். குடித்திருக்கவில்லை. தூக்கக் கலக்கமும் இல்லை. பட்டப்பகல். பேய் என்று யாராவது வாயெடுத்தால் சிரிக்கிற ஆள் அவன். "செத்தவன் திரும்பி வருவான்னா, எனக்குக் கடன் குடுத்தவன்தான்டா மொதல்ல வருவான்" என்று கிண்டலடித்தவன். அதனால், இனி சொல்லப்போவது நடந்தது. நம்புகிறவர்கள் நம்பட்டும்.

ஆள் ஒல்லி, தலை மட்டும் பெரிசு. அதனால் ஆணி. அந்தப் பேரை வைத்தது மச்சான், அக்காவின் புருஷன். மச்சானுக்கு ஊர் வைத்த பேர் ரசமட்டம். டீ கிளாஸை மேசையில் வைத்தால்கூடக் குனிந்து, சாய்கிறதா என்று பார்த்துச் சரிசெய்துவிட்டுத்தான் குடிப்பார். இருவரும் எட்டு வருஷம் ஒரே பட்டறையில் வேலை செய்தவர்கள்.

மரம் குடையும் ரவுட்டர் மெஷின் ஆளுக்குப் பாதி போட்டு வாங்கியது. ஒரு மோட்டர், அதைச் செருகி ஓட்டும் கூடாக இரண்டு பேஸ். ஒன்றில் ஸ்பிரிங் உண்டு. அமுக்கினால் சுழலும் கத்தியான பிட் மரத்துக்குள் இறங்கும், விட்டால் மேலே எழும். பலகையின் நடுவில் பள்ளம் எடுக்க அதுதான் லாயக்கு. பட்டறையில் அதற்குப் பேர் 'குதிக்கிற பேஸ்'. இன்னொன்று அசையாது. ஆழத்தை ஒருமுறை வைத்து, மோட்டரைப் பிடித்திருக்கும் கிளாம்ப்பை இறுக்கிவிட்டால் கடைசிவரை அதே ஆழம். ஓரங்களைக் கூர் இல்லாமல் உருட்டுவதற்கு அது. 'நிக்கிற பேஸ்'. மோட்டரை ஒன்றிலிருந்து உருவி இன்னொன்றில் செருகிக்கொள்ளலாம்.

வினை அந்தக் கிளாம்ப்பில் இருந்தது. சரியாக மூடாவிட்டால், ஓடுகிற அதிர்வில் மோட்டர் இழை இழையாகக் கீழே இறங்கும். கண்ணுக்குத் தெரியாது. மரம் பாழான பிறகுதான் தெரியும். அதனால் மச்சான் ஒரு வழக்கம் வைத்திருந்தார். மூடுகிறவன் "மூடியாச்சு" என்று குரல் கொடுக்க வேண்டும். மற்றவன் வந்து கிளாம்ப்பை விரலால் தொட்டு அழுத்திப் பார்த்து "பாத்தாச்சு" என்று சொல்ல வேண்டும். அதற்குப் பிறகுதான் சுவிட்ச்.

ஒருநாள் ஒரு பெரிய சாப்பாட்டு மேசை. ஒற்றைப் பலகை. மச்சான் குரல் கொடுத்தார். ஆணி போனில் பேசிக்கொண்டே, திரும்பிக்கூடப் பார்க்காமல் "பாத்தாச்சு" என்றான். கிளாம்ப் பாதிதான் மூடியிருந்தது. பலகையின் ஓரம் எலி கரண்டியது போல் ஆயிற்று.

"பாத்தாச்சுன்னு சொன்னியேடா!"

"நான் எங்க சொன்னேன்? நீங்க உங்க தப்ப என் தலையில கட்டாதீங்க மச்சான்!"

அவ்வளவுதான். பட்டறை இரண்டானது. பிரிவினையில் இரண்டு புத்திசாலிகளும் செய்த காரியம் என்ன தெரியுமா? நிக்கிற பேஸ் மச்சானுக்கு. குதிக்கிற பேஸ் ஆணிக்கு. மோட்டர் வாரத்துக்கு ஒரு வீடு! அதை அக்காதான் துணிப்பையில் போட்டு, இடுப்பில் இடுக்கிக்கொண்டு, அங்கும் இங்குமாக நடப்பாள். "ஒரு மோட்டருக்கு ரெண்டு முட்டாளுங்க, நடுவுல நான் ஒரு கழுதை" என்பாள். "புள்ளயில்லாத குறைய இதத் தூக்கித் தீத்துக்கறேன்" என்று சிரிப்பாள். ஒன்றரை வருஷம் இப்படிப் போயிற்று.

பிறகு, கல்யாணமாகிப் பதினோராவது வருஷத்தில், அக்கா உண்டானாள்.

மச்சான் தொட்டில் செய்ய உட்கார்ந்தார். நாலு கால் வைத்த தொட்டில். நல்ல சிவப்பான மகோகனி.

அந்த நேரம் பார்த்துத்தான் ஆணி மோட்டரை எரித்தான். "கொஞ்சங் கொஞ்சமா எறக்கு. ஒரே மூச்சுல அமுக்கினா தாங்காது" என்று மச்சான் ஆயிரம் தடவை சொல்லியிருப்பார். அவசரத்தில் ஒரே மூச்சில் அமுக்கினான். புகை வந்தது, தீய்ந்த நாற்றம் வந்தது, நின்றுவிட்டது. ஊரில் மோட்டருக்குக் காயில் கம்பி சுற்றிக் கட்டுகிற மெக்கானிக் ஒருவன்தான், அவன் மச்சானின் கூட்டாளி. காலையில் கொடுத்தால் மதியம் மச்சான் காதில் விழும். ஆணி மோட்டரைச் சாக்கில் சுற்றி, மேசைக்கு அடியில், துண்டுப் பலகைகளுக்குப் பின்னால் தள்ளினான். உளியைக் கையில் எடுத்தான்.

அந்த மதியத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் அக்கா போன் செய்தாள்.

"டேய், வாரம் எப்பவோ முடிஞ்சு போச்சு. மோட்டர் எங்கடா?"

"வேல முடியலக்கா."

"தொட்டில்ல நாலு சட்டம்தான் பாக்கியாம். ஓரம் உருட்டாம வச்சா புள்ளைக்குக் கீறிடும்னு பொலம்பறாருடா."

"வேணும்னா அவரே வந்து கேக்கட்டும்."

அக்கா "சரி. சொல்றேன்" என்று வைத்துவிட்டாள்.

அவரே வந்தார்.

மறுநாள் மழை கொட்டிக்கொண்டிருந்தது. தகரக் கூரையில் கல்லை அள்ளிக் கொட்டுவது போல் சத்தம். இரண்டு மணி பத்துக்குக் கரண்ட் போனது. ஆணி உளியை வைத்துவிட்டு நிமிர்ந்தான். வாசலில் மச்சான். கக்கத்தில் நிக்கிற பேஸ். தோளில் நாலு சட்டம்.

ஆணிக்கு ஒன்றரை வருஷமாகப் பேசாத வாய். வெட்கம் வேறு. சுவரைப் பார்ப்பது போல நின்றான்.

மச்சான் உள்ளே வந்தார். மேசையில் ஒரு மரச்சில்லின் மேல் டீ கிளாஸ் கோணலாக நின்றுகொண்டிருந்தது. அதைத் தாண்டிப் போனார்.

குனியவில்லை. சரிசெய்யவில்லை.

'இன்னும் கோபம் போலிருக்கிறது' என்று ஆணி நினைத்துக்கொண்டான்.

பிறகுதான் சட்டையைக் கவனித்தான். வெளியே அந்த மழை. குடை இல்லை. சட்டை காய்ந்திருந்தது. தலைமுடி காய்ந்திருந்தது. தரையில் ஆணியின் ஈரக் காலடிகள் மட்டும்தான் இருந்தன.

மச்சான் நேராக மேசைக்கு அடியில் கை விட்டார். பலகைத் துண்டுகளை ஒதுக்கினார். சாக்கை இழுத்தார். தேடவே இல்லை... தானே வைத்ததை எடுப்பது போல எடுத்தார்.

"மச்சான்... அது..."

அவர் காதில் விழவில்லை. மோட்டரை நிக்கிற பேஸில் செருகினார். ஆழம் வைத்தார். கிளாம்ப்பை மூடினார்.

டக்.

"மூடியாச்சு."

சொல்லிவிட்டு நின்றார். ஆணியைப் பார்த்தார்.

ஆணி வாய் திறக்கவில்லை. என்ன சொல்வான்? எரிந்த மோட்டருக்குக் கிளாம்ப் மூடினால் என்ன, மூடாவிட்டால் என்ன.

மச்சான் கொஞ்சம் காத்திருந்தார். தலையை ஆட்டிக்கொண்டார். சுவிட்சைப் போட்டார்.

வீ...ங்ங்ங்...

ஓடியது.

'கரண்ட் வந்துவிட்டது' என்றுதான் ஆணிக்கு முதலில் தோன்றியது. மேலே பார்த்தான். பல்பு எரியவில்லை. மின்விசிறி சுற்றவில்லை.

கீழே பார்த்தான். வயர் தரையில் பாம்பு போலக் கிடந்தது. அதன் நுனியில் பிளக்... அவன் கால் பக்கத்தில்... மரச்சுருளுக்குள்.

எரிந்த மோட்டர்.

இல்லாத கரண்ட்.

செருகாத பிளக்.

சட்டத்தின் ஓரத்தில் பிட் ஓடியது. சிவப்புத் தூள் பறந்தது. மரம் வெட்டுப்படும் வாசனை மட்டும் வரவில்லை. மோட்டர் ஓடும் சூடும் வரவில்லை. மேசை முழுக்க ஒரு குளிர்.

முதல் சட்டம் முடிந்தது. மச்சான் அதைத் தூக்கி, உருட்டிய ஓரத்தைத் தன் கன்னத்தில் வைத்து மெதுவாகத் தேய்த்துப் பார்த்தார். கண்ணை மூடிக்கொண்டு. எங்காவது கீறுகிறதா என்று.

இரண்டாவது. கன்னத்தில் வைத்தார்.

மூன்றாவது. கன்னத்தில் வைத்தார்.

ஆணிக்கு ஓடிவிடலாம் என்று தோன்றியது. ஓட முடியவில்லை. கண்ணில் நீர் வந்தது. அது பயத்தினாலா, அந்தக் கன்னத்தினாலா என்று இன்றுவரை அவனுக்குத் தெரியாது.

நாலாவது சட்டத்தை மச்சான் மேசையில் வைத்தார். சுவிட்சைப் போடவில்லை.

"மூடியாச்சு, மாப்ள."

நின்றார்.

இந்த முறை நகர்வதாக இல்லை.

மழைச் சத்தம். கடிகாரச் சத்தம். வேறொன்றுமில்லை.

ஆணி கையை நீட்டினான். கிளாம்ப்புக்கு ஒரு விரல் தூரம். குளிர் நுனியில் கடித்தது. கையை இழுத்துக்கொண்டான். சொல்ல நினைத்தது ஒன்று, வாயில் வந்தது வேறு.

"மோட்டர் எரிஞ்சு போச்சு மச்சான்... நான்தான் எரிச்சேன்... பதினஞ்சு நாளாச்சு..."

மச்சான் கையிலிருந்த மோட்டரைப் பார்த்தார்.

வயரைப் பார்த்தார். அதன் வழியே கண்ணை ஓட்டிக்கொண்டு போய்ப் பிளக்கைப் பார்த்தார்.

எரியாத பல்பைப் பார்த்தார்.

கடைசியாகத் தன் கைகளைப் பார்த்தார்.

"அப்படியா..." என்றார்.

கோபமில்லை. ஏதோ ஒன்று அப்போதுதான் புரிந்தது போல.

பல்பு எரிந்தது.

யாருமில்லை.

சட்டமும் இல்லை, பேஸும் இல்லை. சாக்கு காலியாகக் கிடந்தது. ஆணி வெட்டிக்கொண்டிருந்த வெள்ளைப் பலகைகளின் மேல் மட்டும் மாவு தூவியது போல் சிவப்புத் தூள்.

நாலு மணிக்கு மச்சானின் பக்கத்து வீட்டுத் தையல்காரர் போன் செய்தார். "தம்பி... கொஞ்சம் கெளம்பி வா. அக்கா தனியா இருக்கு" என்றார்.

மச்சானைக் கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். பக்கத்தில் தொட்டில். அதன் கீழே நிக்கிற பேஸ். அதற்குள், இறுக மூடிய கிளாம்ப்புக்குள், ஆணியின் மேசைக்கு அடியில் இருந்த மோட்டர். தரையில் நாலு சட்டம். மூன்றின் ஓரம் வழவழவென்று உருண்டிருந்தது. நாலாவது கத்தி போல இருந்தது.

அக்கா அவன் கையைப் பிடித்துத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"காலைல நான் செக்கப்புக்கு ஆஸ்பத்திரிக்குக் கெளம்பும்போது சொன்னாருடா. 'நானே போய்க் கேக்கறேன், என் தம்பிகிட்டக் கேட்டா என்ன கொறஞ்சு போச்சு'ன்னு. அதுக்குள்ள நீயே கொண்டாந்து குடுத்திட்ட. மூணு சட்டம் முடிச்சிருக்காரு பாரு. மனசு நெறஞ்சுதான் போயிருப்பாரு. அது போதும்டா எனக்கு."

ஆணி தலையை ஆட்டினான்.

வாசலில் தையல்காரர் மெல்லக் கேட்டார். "கரண்ட் இல்லாதப்போ ரெண்டு ரெண்டரை மணிக்கு மெஷின் ஓடுற சத்தம் கேட்டுச்சே தம்பி... ஜெனரேட்டர் எதும் வாங்கியிருந்தாரா?"

ஆணி பதில் சொல்வதற்குள், உடம்பைப் பார்த்துவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டிருந்த டாக்டர் திரும்பினார். "ரெண்டரைக்கா? வாய்ப்பே இல்லீங்க. ஒடம்பு வெறச்சிருக்கிறதப் பாத்தா, காலைல பத்து மணிக்கு முன்னாடியே உயிர் போயிருக்கு."

அடுத்த வாரம் மெக்கானிக் மோட்டரின் மேல்மூடியை மட்டும் கழற்றிப் பார்த்தான். கிளாம்ப்பைத் தொட ஆணி விடவில்லை. "உள்ள வெறும் கரிடா. இது ஓடி ரெண்டு மூணு வாரமாவது ஆயிருக்கும். காயில் மாத்தணும்னா பேஸ்லேர்ந்து உருவணும்" என்றான். "வேணாம்" என்று ஆணி வாங்கிக்கொண்டு வந்துவிட்டான்.

நாலாவது சட்டத்தை உப்புத்தாள் போட்டாவது உருட்டிவிடலாம் என்று போனபோது அக்கா தடுத்தாள். "அவரு விட்ட எடத்துல விடு" என்றாள். மச்சானின் பழைய சட்டையைக் கிழித்து அந்த ஓரத்தில் சுற்றிக் கட்டினாள். பெண் பிறந்தது. அந்தத் தொட்டிலில்தான் தூங்குகிறது. தூக்கத்தில் புரளும்போதெல்லாம் மூன்று பக்கமும் வழவழப்பாக இருக்க, நாலாவது பக்கத்தில் போய்க் கன்னத்தை ஒட்டிக்கொள்கிறது.

மோட்டர் ஆணியின் பட்டறையில், பேஸோடு, ஒரு பலகை மேல் இருக்கிறது. மதியத்தில் கரண்ட் போனால் அவன் உளியைக் கீழே வைக்கிறான். கிளாம்ப்பைத் தொட்டு, அழுத்திப் பார்க்கிறான். இறுக்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் மூடியவர் குரல் கொடுத்தால்தான் பதில் சொல்ல முடியும். அதுதான் வழக்கம். காத்து நிற்கிறான். பல்பு எரிந்துவிடுகிறது.

மச்சானுக்கு ஆணி தர வேண்டிய பாக்கி ஒரே ஒரு சொல்.

பாத்தாச்சு.