வலது கையிலிருந்து வந்த வார்த்தை

அக்காவின் இடது கை பட்டுப்புடவையை ஒரே வீச்சில் விரிக்கும். முந்தானை சரியாக வாடிக்கையாளரின் மடியருகே வந்து விழும். தி. நகரில் நான் அலுவலகப் பொறுப்பில் இருந்த ஜவுளிக்கடையில் அவரைவிட வேகமாகப் புடவை மடிப்பவர் யாரும் இல்லை. என்னைவிடப் பத்து வயது சிறியவர். கடையில் எல்லோரும் அக்கா என்றதால் நானும் அப்படியே கூப்பிட்டேன். பெரும்பாக்கத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வருவார்.

ஒரு நாள், முகூர்த்தப் புடவையை அக்கா இடது கையால் எடுத்துக் கொடுத்துவிட்டார் என்று மணப்பெண்ணின் தாயார் ஒருவர் கோபித்துக்கொண்டு, தேர்ந்தெடுத்த துணியை எல்லாம் அப்படியே போட்டுவிட்டுப் போய்விட்டார். அக்காவைக் கிடங்குக்கு மாற்ற மேலாளர் முடிவு செய்தார். அதற்குக் காகிதத்தில் ஒரு காரணம் வேண்டுமே. ஆங்கிலத்தில் அச்சிட்ட வருடாந்திர மதிப்பீட்டுப் படிவத்தில் ‘டெக்ஸ்டரிட்டி’ என்றொரு கட்டம் இருந்தது. அதில் ‘குறைவு’ என்று போடச் சொன்னார். போட்டேன்.

கையெழுத்திட வந்த அக்கா அந்தக் கட்டத்தில் விரல் வைத்தார்.

“இதுக்கு இன்னா அர்த்தம் சார்?”

“கைத்திறமை.”

“எனக்கா கம்மி?”

கைபேசியில் அகராதியைத் திறந்தேன். வலது பக்கத்தைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து அது பிறந்ததாம். வலக்கைக்காரர்கள் தங்கள் கையின் பெயரையே திறமைக்கும் வைத்துவிட்டார்கள். அதை அவரிடம் சொன்னேன். தப்பிக்க வழி கிடைத்ததுபோல் எனக்கு ஓர் ஆறுதல்.

அக்கா கொஞ்சம் யோசித்தார். “அப்ப கரெக்டுதான் சார், சோத்தாங்கை கம்மிதான். பக்கத்துலயே ‘பீச்சாங்கை நல்லா வேலை செய்யும்’னு எழுதிடுங்க. கையெழுத்து போட்டுடறேன்.”

தமிழிலேயே எழுதினேன். அவர் கையெழுத்திட்டார்.

மேலாளர் அதைப் படித்துவிட்டுக் கிழித்துப் போட்டார். “விளையாட்டா இது? வேற ஃபாரம் எழுதுங்க.” எனக்கும் அந்த வேலை தேவையாக இருந்தது. எழுதினேன்.

புதிய படிவத்தை நீட்டியபோது அக்கா அந்தத் தமிழ் வரியைத் தேடினார். தாளைத் திருப்பிப் பின்பக்கம்கூடப் பார்த்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். கையெழுத்திட்டுவிட்டுக் கிடங்குக்குப் படியிறங்கினார். அடுத்த பொங்கலுக்கு முன்பே வேலையை விட்டு நின்றுவிட்டார்.

இப்போது ஓய்வுபெற்று வேளச்சேரியில் இருக்கிறேன். காலை நடையில் நண்பர்களிடம் அந்தச் சொல் பிறந்த கதையைச் சுவையாகச் சொல்வேன். “இதெல்லாம் எங்க சார் படிச்சீங்க?” என்பார்கள். அகராதியில் என்று மட்டும் சொல்வேன்.